பேத்தி என்ன படிக்கிறாள்?

எனக்கு 75 வயது நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என் சர்க்கரை அளவை விசாரிப்பார்கள். அடுத்து பேரன் பேத்திகளின் படிப்பு. முதல் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, "எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியும் மொழியியலும் சேர்த்துப் படிக்கிறாள்" என்று சொன்னதும் கையில் இருக்கும் காபி டம்ளர் பாதியில் நின்றுவிடும். "சரி, அதுக்கப்புறம் எம்.பி.ஏ. சேர்ப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் மகனுக்கே அந்தச் சந்தேகம் தீரவில்லை.

பேத்தி பிறந்தது இங்கே, காஞ்சிபுரத்தில். ஆறு வயதில் பெற்றோருடன் ஸ்காட்லாந்து போனாள். மகன் மென்பொருள் துறையில் இருக்கிறான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் இந்த இரட்டைப் பாடத்தைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். ஒருநாள் இரவு மகன் தொலைபேசியில், "அப்பா, நீங்க சொன்னா கேப்பா. கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லுங்க. வேணும்னா இத்தாலியனைச் சாயங்கால வகுப்பா வச்சுக்கட்டும்" என்றான். அவன் பயம் நியாயமான பயம். வெளிநாட்டில் வாடகையும் கடனும் எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று பார்த்தவன் அவன்.

நான் அவளோடு பேசினேன். "ஏம்மா இது ரெண்டும் சேர்த்து?" என்றேன். "தாத்தா, மொழி மட்டும் படிச்சா பேச வந்துடும், ஏன் அப்படிப் பேசறாங்கன்னு தெரியாது. மொழியியல் மட்டும் படிச்சா எல்லாம் பலகையில எழுதின உதாரணமா இருக்கும். எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளையான எனக்கு அது உடனே கோர்வையாகத்தான் தோன்றியது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு இழை விழும்போதும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கோர்வை சரியாக விழுந்தால் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இரண்டு ஆள் சேர்ந்து செய்கிற, நேரம் பிடிக்கிற வேலை அது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1972ல் புலவர் தேர்வு முடித்தபோது எனக்கு மொழியியல் ஆசை இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் வளர்த்துவிட்டுப் போன மொழியியல் துறை அப்போது நாடறிந்தது. சிதம்பரம் போய்ப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவின் தறிக்கடன் வேறு விதமாக நினைத்தது. பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 2008ல் ஓய்வு பெற்றேன். அந்த வேலையில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பேத்தி ‘மொழியியல்’ என்ற சொல்லை உச்சரித்தபோது, அதைத் தடுக்கிற வாய் என்னுடையதாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மகனிடம், "நம்ம ஊருக்கே அந்தக் காலத்தில் படிக்க வந்தவங்க கொஞ்சம் பேரா?" என்று ஆரம்பித்தேன். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன், தன் தாத்தாவும் குருவுமான வீரசர்மனோடு, காஞ்சியின் கடிகைக்கு வேதம் படிக்க வந்ததைத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. இங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு சண்டை வந்து, படிப்பை விட்டுவிட்டுப் போய்க் கதம்ப அரசையே நிறுவினான். "நம்ம பொண்ணு அந்த அளவுக்கு எல்லாம் போக மாட்டா" என்றேன். மகன் சிரித்தான். சரி என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை.

நான்கு வருடப் படிப்பு. இத்தாலிய மொழியை அவள் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாள். அதே வாரத்தில் மொழியியல் வகுப்பில் ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்ற பாடம். "தாத்தா, நாக்கு அண்ணத்தைத் தொடற இடத்தை வச்சு ஒலியைப் பிரிக்கிறாங்க" என்றாள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்காக இருப்பதைச் சொன்னேன். அடுத்த வாரம் அதை வகுப்பில் சொல்லி ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எங்கள் இருவருக்கும் இலக்கண வகுப்பாகிவிட்டது.

முதலில் வந்தது ஒற்று. ஆங்கிலத்தில் எழுத்தை இரட்டித்து எழுதினாலும் ஒரு சொல்லுக்குள் மெய்யை இரட்டித்து உச்சரிப்பதில்லை. நமக்கோ புளி வேறு, புள்ளி வேறு. கனி வேறு, கன்னி வேறு. இத்தாலிய மொழியும் அப்படித்தானாம். ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஒற்றை விட்டு ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. அவளோடு படிக்கும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் தாத்தாவை ஒன்பதாவது ஆக்கிக்கொண்டிருந்தபோது, காஞ்சிபுரத்துப் பெண் முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டாளாம். "அண்ணனாவது நொண்ணனாவது என்று நம்மூரில் கேலி பேசுவார்களே, அந்தப் பயிற்சி" என்றேன்.

அடுத்தது தோன்றா எழுவாய். "பேசுகிறேன்" என்றாலே போதும், ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிவிடும். இத்தாலிய மொழியிலும் ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய், ‘பார்லா’ என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். ஆண் பெண் வேறுபாட்டை விகுதி காட்டாது. "அதுல நாம ஒரு படி மேல" என்று பெருமையோடு சொன்னேன். உடனே அவள் மரியாதைச் சொல்லுக்குத் தாவினாள். பெரியவர்களிடம் நாம் பன்மையாக ‘நீங்கள்’ என்கிறோம். அவர்கள் ‘லேய்’ என்கிறார்கள். அதற்கு நேர்ப்பொருள் ‘அவள்’. மீசை வைத்த மாமனாரையும் ‘அவள்’ என்றுதான் மரியாதையாக விளிக்க வேண்டும். ‘தங்கள் பிரபுத்துவம்’ என்று அழைக்கும் பழைய வழக்கில் அந்தப் பிரபுத்துவம் பெண்பால் சொல். அதைச் சுட்டிய ‘அவள்’ இன்றும் நிற்கிறது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு அரை நாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஆண்டு இத்தாலியில் படிக்க வேண்டும் என்பது படிப்பின் விதி. அவளுக்குக் கிடைத்தது ஃப்ளாரன்ஸ். அங்கிருந்து வந்த ஒரு செய்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

நாம் ‘கல்’ என்னும்போது முதலில் இருக்கும் ககரம் வல்லென்று ஒலிக்கிறது. அதே ககரம் ‘அகம்’ என்பதில் உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஹகரம் போல மெலிகிறது. ‘பக்கம்’ என்று இரட்டித்தால் மறுபடி வல்லோசை. ஃப்ளாரன்ஸ்காரர்கள் வாயிலும் இதே கதை. வீட்டுக்கு அவர்கள் சொல் ‘காசா’. முன்னால் ‘லா’ சேர்ந்தால் ககரம் உயிர்களுக்கு நடுவே வந்துவிடும், ‘லா ஹாசா’ என்பார்கள். கோகோ கோலாவைக்கூட விடுவதில்லை, ‘ஹோஹா ஹோலா’ என்று கேட்பது அந்த ஊரைப் பற்றி இத்தாலி முழுவதும் பழகிய நகைச்சுவையாம். ஆனால் ‘வீட்டுக்கு’ என்று சொல்ல ‘ஆ’ சேர்த்தால், எழுத்தில் ‘ஆ காசா’, பேச்சில் ‘அக்காசா’. ஒற்று மிகுந்துவிடுகிறது, வல்லோசை திரும்பி வந்துவிடுகிறது.

முப்பத்தாறு ஆண்டு ‘அந்தக் காசு’க்கு ஒற்று மிகும், ‘வந்த காசு’க்கு மிகாது என்று சிவப்பு மையால் திருத்தியவன் நான். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "எல்லாச் சொல்லுக்குப் பின்னாடியும் மிகுமா?" என்றேன். இல்லையாம், அங்கேயும் ஒரு பட்டியல் இருக்கிறது. காரணமும் தெரிகிறது. ‘ஆ’ என்பது லத்தீனில் ‘அத்’ என்று மெய்யோடு முடிந்த சொல். இறுதி மெய் காலத்தில் உதிர்ந்தது. உதிர்ந்த மெய்யின் இடம் காலியாக இருக்காமல், அடுத்த சொல்லின் முதல் மெய்யை இரட்டிக்க வைத்தது. லத்தீனிலேயே உயிரில் முடிந்த ‘தே’ இன்று ‘தி’ ஆகியிருக்கிறது. அதன் பின்னால் ஒற்று மிகுவதில்லை. வட இத்தாலியில் பெரும்பாலும் இந்த வழக்கமே கிடையாதாம். மொழியை மட்டும் கற்றிருந்தால் அவள் ‘அக்காசா’ என்று சொல்லப் பழகியிருப்பாள். கூடவே மொழியியலும் படித்ததால் அதன் பாட்டன் முப்பாட்டனைத் தேடிப் போனாள்.

இதை நான் காலை நடைக் கூட்டாளிகளிடம் சொன்னேன். கச்சபேசுவரர் கோயில் பக்கம் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒரு நண்பர் உடனே, "பாத்தீங்களா, இத்தாலியும் தமிழ்லேருந்துதான் வந்திருக்கு" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கும் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. பேத்தியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "தாத்தா, ஒத்துப்போறது வேற, உறவு வேற" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

மனித வாய் எங்கும் ஒன்றுதான். உயிர்களுக்கு நடுவே மாட்டும் வல்லெழுத்து மெலிவது பல மொழிகளில் நடக்கும். அம்மாவுக்கு இத்தாலியர் ‘மம்மா’ என்பதும் குழந்தை வாயின் வேலை. உறவைக் காட்ட வேண்டுமானால் அடிப்படைச் சொற்கள் ஒரு ஒழுங்கோடு மாற வேண்டும். இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். நம் ‘பால்’ கன்னடத்தில் ஹாலு, ‘பல்’ ஹல்லு, ‘பத்து’ ஹத்து, ‘புலி’ ஹுலி. வரிசையாகப் பகரம் ஹகரமாகிறது. தேவாங்கர் வீடுகளில் கன்னடம் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. அதே போல இத்தாலியப் பகரம் ஆங்கிலத்தில் ஃபகரமாக வருகிறது. தந்தைக்குப் ‘பாத்ரே’ - ஃபாதர், மீனுக்குப் ‘பேஷே’ - ஃபிஷ், பாதத்துக்குப் ‘பியேதே’ - ஃபுட்.

இந்த உறவை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ஃப்ளாரன்ஸ்காரர் என்பதையும் அவள்தான் சொன்னாள். பிலிப்போ சாசெத்தி என்ற வணிகர் 1580களில் கொச்சியிலும் கோவாவிலும் இருந்தார். சமஸ்கிருதத்தின் சப்த, அஷ்ட, நவ என்ற எண்களும் தம் மொழியின் ‘செத்தே’, ‘ஒத்தோ’, ‘நோவே’ என்ற எண்களும் ஒத்துப்போவதை, சர்ப்பத்துக்குத் தம் ஊரில் ‘செர்ப்பே’ என்பதை, கடிதத்தில் ஊருக்கு எழுதினார். 1588ல் கோவாவில் இறந்துபோனார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இதே உறவைப் பேசியது 1786ல், ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816லும், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856லும் காட்டினார்கள்.

மறுநாள் நடையில் இதையெல்லாம் சொன்னேன். நண்பர் முகம் கொஞ்சம் வாடியது. தமிழின் பெருமைக்கு இத்தாலி வாடகை கட்ட வேண்டியதில்லை என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. மறுநாளும் நடக்க வந்தார், அது போதும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரட்டைப் படிப்பைத் தலைகீழாகச் செய்து காட்டியவர் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார். பள்ளியில் ஆண்டுதோறும் அவரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். 1680ல் வட இத்தாலியில் மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். முப்பது வயதில் கோவாவில் இறங்கி, 1711ல் தமிழ்நாட்டுக்கு வந்து, அரிச்சுவடியிலிருந்து தமிழ் படித்தார். 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். பொருள், பெயர், தொகை, தொடை என்று நான்கு வழியில் சொற்களை அடுக்கிய சதுரகராதி செய்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவராகவும் அவரைச் சொல்கிறோம். 1968ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

பேத்தி கவனித்தது வேறொன்று. அவர் செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் எழுதியதோடு நிற்கவில்லை. அன்றாடப் பேச்சுக்கும் ஓர் இலக்கணம் எழுதினார், கொடுந்தமிழ் இலக்கணம் என்று. லத்தீனில் எழுதிய அந்த நூல் 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டது எதிர்த்தரப்பு லுத்தரன் சபையின் அச்சகம். வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் இலக்கணத்தில் ஒன்று சேர்ந்தார்கள்.

"நம்ம புலவர்களே பேச்சுத் தமிழை மதிக்காத காலத்துல, அவருக்கு ஏன் அது தோணுச்சு?" என்று கேட்டேன். அவள் ஊகம் இது. அவர் ஊர்ப் பேச்சு லொம்பார்டி வழக்கு. ஏட்டு மொழியோ ஃப்ளாரன்ஸ் பக்கத்து மொழி. வீட்டில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று வளர்ந்தவருக்குச் செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற இரண்டு தளம் வியப்பாக இருந்திருக்காது. 1861ல் இத்தாலி ஒரே நாடானபோது, ஏட்டு இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான் என்று துல்லியோ தெ மௌரோ என்ற மொழியியலாளர் கணக்கிட்டார். பத்துப் பேர் வரை இருக்கலாம் என்பாரும் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் ஊர் வழக்குகளில் வாழ்ந்தவர்கள். அந்த வழக்குகளில் பல இன்று தாத்தா பாட்டிகள் வாயில் மட்டும் இருக்கின்றன.

அதனால்தான் போன கோடையில் ஃப்ளாரன்ஸிலிருந்து நேராகக் காஞ்சிபுரம் வந்தவள், கோயில் குளம் என்று சுற்றாமல், பிள்ளையார்பாளையத்தில் என் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு 82 வயது. கண் மங்கிவிட்டதால் தறியில் உட்காருவதில்லை. குழித்தறி இன்னும் கூடத்தில் இருக்கிறது. சிறுவயதில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளியது அதே தறியில்தான்.

அவள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரிய தாத்தா, இது என்ன, இதைச் செய்யறதுக்கு என்ன சொல்வீங்க, இழை அறுந்தா என்ன சொல்வீங்க. அண்ணன் முதலில் கூச்சப்பட்டார். "இதெல்லாம் படிப்பாம்மா? நாங்க பேசறது கொச்சை" என்றார். மூன்றாம் நாள், இவள் வரும் முன்பே வாசல் திண்ணையில் காத்திருந்தார். ராத்திரி ஞாபகம் வந்த சொற்களை மறந்துவிடாமல் இருக்க மருமகளிடம் சொல்லி எழுதி வைத்திருந்தார். பாவு, ஊடை, கோர்வை என்று எல்லாருக்கும் தெரிந்த சொற்களுக்கு அடியில், நான் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க எந்த அகராதியிலும் பார்க்காத சொற்கள் இருந்தன. அண்ணனின் பிள்ளைகள் யாரும் நெசவில் இல்லை. தெருவில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளை இன்று விரல் விட்டு எண்ணலாம். தறி நின்றால் சேலை வேறு ஊரிலிருந்து வரும். இந்தச் சொற்கள் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

அவள் அண்ணனிடம், ஊடை நூலுக்கு இத்தாலியில் ‘த்ராமா’ என்று பெயர், கதையின் போக்கையும் அவர்கள் ‘த்ராமா’ என்றுதான் சொல்வார்கள் என்றாள். அண்ணன், "அதான் நமக்கும் புத்தகம் நூல், இழையும் நூல்" என்று சாதாரணமாகச் சொன்னார். பஞ்சிலிருந்து நூல் இழைப்பதைப் போலச் சொற்களிலிருந்து நூல் செய்கிறார்கள் என்று நன்னூலில் பவணந்தியார் விளக்கியிருப்பதை அவர் படித்ததில்லை.

படிப்பு இந்த ஆண்டு முடிகிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கு மொழியியல் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று, கம்ப்யூட்டர் படிக்கச் சொன்ன மகனே இப்போது செய்தி சொல்கிறான். அவளோ மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அருகிவரும் வழக்குகளைப் பதிவு செய்வது பற்றி. இடம் கிடைக்குமா, உதவித்தொகை வருமா என்பது ஜூனில் தெரியும். மகன் இன்னும் கவலைப்படுகிறான், அது தகப்பன் வேலை.

அண்ணனிடம் பதிவு செய்தவற்றை அவள் எனக்கும் அனுப்பியிருக்கிறாள். எழுத்தில் இறக்கித் தரும் பொறுப்பு என்னுடையது. இதுவரை 214 சொற்கள் ஆகியிருக்கின்றன. காஞ்சிபுரத்திலும், ஆரணி, திருபுவனம் பக்கமும் தறி வீடுகளில் வளர்ந்த வாசகர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்ட நெசவுச் சொற்கள் நினைவுக்கு வந்தால், எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதி அனுப்புங்கள். கொச்சை என்று திருத்திவிடாதீர்கள். ஒற்றை மட்டும் கவனமாகப் போடுங்கள்.